எந்தக் கன்னம்

ஓவியத்துக்கு எதிரே இருந்த ஜன்னலை மேனேஜர் மறுபடியும் சாத்தினார்.

"ஏங்க, புழுங்குது. வர்றவங்களுக்கு மூச்சு முட்டிரும்," என்றாள் மனைவி.

"வெயில் பட்டா கலர் செத்துரும். ஓவியத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா."

வெயில் பட்டால் சாகப்போவது கலர் அல்ல, மேனேஜரின் மானம். காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளராக இருந்தவர். பதவிதான் ஓய்வு பெற்றதே தவிர, அதட்டல் இன்னும் பணியில் இருந்தது. கல்யாண நாளுக்கு மனைவியைத் தானே ஓவியமாகத் தீட்டித் தரப்போவதாக உறவு முழுக்கப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். சாமான் போடுகிற அறைக்கு 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தாழ்ப்பாளுக்குப் பின்னால் நடந்தது வேறு. ஒரு கம்பெனிக்குப் போட்டோ அனுப்பினால், முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நம்பர் போட்டு, அதே நம்பர் ஒட்டிய வண்ணக் குப்பிகளோடு கித்தானைப் பெட்டியில் அனுப்பிவிடுவார்கள். நம்பரைப் பார்த்து வண்ணத்தை நிரப்பவேண்டியதுதான். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். எல்லாம் சரியாகத்தான் வந்தது, கன்னத்து வண்ணம் மட்டும் வெளிறிப்போய்விட்டது. எத்தனை தடவை பூசினாலும் வெளிச்சம் பட்டதும் அடியிலிருந்து பதினான்கு என்ற நம்பர் எட்டிப் பார்த்தது.

அதனால்தான் ஜன்னல்.

சுவரில் அத்தனை வருஷமாகத் தொங்கிய கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டுத்தான் ஓவியத்தை மாட்டியிருந்தார். போட்டோ இப்போது சோபாவுக்குப் பின்னால், தண்டனை வாங்கிய பையன்போலச் சுவரைப் பார்த்து நின்றது.

எதிர்வீட்டுத் தம்பதி வந்தார்கள். மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், வந்தான். மகள் கொண்டுவந்து வைத்த கேக்கை வெட்டியாயிற்று. மேனேஜர் ஓவியத்தின் பக்கத்தில் நின்று, பட்ஜெட் கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தார்.

"போட்டோவை வெச்சு வரையறது காப்பி அடிக்கிற மாதிரி. நான் ஒரு தடவைகூடப் பார்த்து வரையல. கண்ணை மூடுனா போதும், இவ முகம் அப்படியே வந்து நிக்கும். கலைன்னா என்ன? கவனிக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக் கவனிச்ச முகம் சார் இது!"

டீ கொண்டுவந்த மனைவி அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அக்காவை இப்படிப் பளபளன்னு நான் பார்த்ததே இல்ல," என்றான் தம்பி. "உரிச்ச முட்டை மாதிரி இருக்கா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஓவியத்தை நெருங்கினான். மேனேஜர் அவனுக்கும் ஓவியத்துக்கும் நடுவே தோளை நுழைக்கப் பார்த்தார்.

"அத்தான், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கன்னத்துல..."

மேனேஜரின் கண் ஜன்னலுக்குப் போனது. தொலைந்தது. பதினான்கு.

"...ரெண்டு கன்னத்துலயுமே காணோமே. அக்காவோட மச்சம் எங்க?"

மச்சம்! போன உயிர் திரும்பி வந்தது. வெறும் மச்சம்தானா! படம் பிடித்த செல்போன் முகத்தை இழைத்து வழவழப்பாக்கியதில் அது காணாமல் போயிருக்க வேண்டும். வந்த உயிர் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டதால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் மேனேஜர் பேசிவிட்டார்.

"அடேய், அதை வேணும்னுதான் விட்டு வெச்சேன். அது கடைசிப் புள்ளி. உங்க எல்லாருக்கும் முன்னாடி வைக்கணும்னு நினைச்சேன்."

எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார்.

"அப்ப வைங்க," என்றாள் மனைவி.

குரலில் கோபம் இல்லை. காய்கறிக்காரனிடம் எடை போடச் சொல்கிற குரல். மேனேஜர் சிரித்துக்கொண்டே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டு நின்றாள். பார்ப்பவர்களுக்கு வெட்கம்போல இருந்திருக்கும்.

"இங்க என்ன பார்க்கறீங்க? படம் அந்தப் பக்கம்."

மகள் ஸ்டூடியோவிலிருந்து தூரிகையும் கறுப்புக் குப்பியும் எடுத்து வந்தாள். மூடியிலிருந்த நம்பரைக் கட்டைவிரலால் மறைத்தபடி நீட்டினாள். "இந்தாங்கப்பா." அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் மேனேஜருக்குக் காது சூடாயிற்று. தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்?

"நான் வேணா போன்ல அக்கா போட்டோ..." என்று தம்பி சட்டைப் பையைத் தொட்டான்.

"வேணாம்டா. பார்த்து வரைஞ்சா காப்பி ஆயிரும்."

மேனேஜர் தூரிகையைத் தோய்த்தார். இடதா, வலதா? கண்ணை மூடினார். முகம் வந்து நிற்கவில்லை. சோறு போடுகிற கை வந்தது. அடுப்பைப் பார்த்து நிற்கிற முதுகு வந்தது. பக்கத்து அறையிலிருந்து இருமல் வந்தது. கல்யாணமான புதிதில், சிக்னலில் நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியில், தோளுக்குப் பின்னால் ஒரு கன்னமும் அதில் ஒரு கறுப்பும் வந்தன. "சேறு தெறிச்சிருக்கு, துடை," என்று அன்று சொன்னார். அவள் துடைத்துவிட்டு, "சேறு இல்லீங்க, மச்சம்," என்றாள். பச்சை விழுந்துவிட்டது. கிளம்பிவிட்டார். கண்ணாடியில் அது எந்தப் பக்கம்? இடமென்றால் நிஜத்தில் எது, படத்தில் எது? ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் காப்பீடு கணக்குப் போட்ட மூளை, ஒரு கன்னத்துக்குக் கணக்குப் போட முடியாமல் வியர்த்தது.

"அத்தான் கண்ணைத் திறக்கவே மாட்டேங்கறாரே!"

"கலைஞனுக்குக் கண்ணை மூடுனாத்தான்டா தெரியும்," என்றாள் அக்கா.

புழுக்கம் தாங்காமல் எதிர்வீட்டு அம்மாள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெயில் மேனேஜரின் தோளைத் தாண்டி ஓவியத்தின்மேல் விழுந்தது. யாரோ, "அதென்ன நம்பர் மாதிரி?" என்றார்கள். மேனேஜர் காதில் அது விழவில்லை. அவர் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி மனைவியின் எதிரே நின்றிருந்தார், தூரிகை தூக்கியபடியே.

"கையை எடும்மா," என்றார். அவருக்கே கேட்காத குரல்.

அவள் எடுக்கவில்லை. விரல்களுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பெட்டியில் கண்ணுக்கென்று கறுப்புக் குப்பிதான் கொடுத்திருந்தார்கள். மேனேஜரும் கேள்வி கேட்காமல் பூசியிருந்தார். வெளிச்சத்தில் இந்தக் கண்கள் கறுப்பே இல்லை. கண்ணாடிக் கிளாஸின் அடியில் மிஞ்சிய டீயின் நிறம். இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

தூரிகை நுனியில் திரண்ட கறுப்புச் சொட்டு கனத்து, அறுந்து, அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்து பரவியது.