புதன், சனி மட்டும்

நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பேனாவைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு இதைக் கேட்க வேண்டும்: 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பெங்களூர் ஜோகுபாளையத்தில், ஓர் ஆங்கிலப் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் திரு. சீனிவாசராகவன் அவர்கள், நீல டெரிகாட் துணியின் துணைகொண்டு ஒழுக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

துணியை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். கிழியாது, சுருங்காது, சாயம் போகாது என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது. போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்பதற்கு மட்டும் நோட்டீஸில் இடம் போதவில்லை. புதனும் சனியும், ஊரில் மற்றப் பள்ளிகளைப் போலவே, வெள்ளை யூனிஃபார்ம். அது சாதாரணப் பருத்தி.

இரண்டாம் வகுப்பு அம்ருதா புதனும் சனியும் பள்ளிக்கு வந்தாள். மற்ற நாட்களில் கேட் வரைக்கும் வந்து, தரையில் உட்கார்ந்து, கழுத்துப் பட்டையைப் பிய்த்துக்கொண்டு அலறினாள். அம்மா சீதாலட்சுமி அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவாள். அரசாங்க ஆபீஸ் டைப்பிஸ்டான அவளுக்கு அன்றைக்கும் அரை நாள் லீவு போகும்.

"புதன்கிழமை மேடம் இன்னிக்கு வரலியாம்மா?" என்று கேட்பான் வாட்ச்மேன் முனிராஜ். கேலி இல்லை. அந்தக் கேட்டில் நின்று அவளுக்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் அவன்தான்.

அம்ருதாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஜோகுபாளையத்தில் அந்தச் சொல்லை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. கேட்ட மறுநாள் தெருவில் அத்தனை பேரும் நிபுணர்கள். ஜாதகத்தில் புதனும் சனியும்தான் பலம் என்றார் எதிர்வீட்டு ஜோசியர். "ரெண்டு வெச்சா தானா போவா" என்றார் கணவனின் அண்ணன்; அவருடைய இரண்டு பிள்ளைகளும் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டடித்தவர்கள். கரஸ்பாண்டென்டுக்கோ சந்தேகமே இல்லை. புதனும் சனியும் காலை அசெம்ப்ளியில் அவர் நீதிபோதனை செய்கிற நாட்கள். "குழந்தைக்கு ஞான தாகம், மேடம்" என்றார்.

குழந்தைக்குப் பள்ளி பிடிக்கும் என்பது சீதாலட்சுமிக்குத் தெரியும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுதான் அம்ருதாவுக்கு உலகத்திலேயே இனிப்பான காரியம். தினம் சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாற்பத்திரண்டு பெயர்களையும் வரிசை பிசகாமல் சொல்லுவாள். அபினவ், அம்ருதா, அனன்யா என்று தொடங்கும். ஒரு பெயரை விட்டுவிட்டால் மறுபடியும் அபினவிலிருந்து.

ஒரு வியாழக்கிழமை குளிப்பாட்டும்போதுதான் சீதாலட்சுமி கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்த தடிப்பைப் பார்த்தாள். தையலில் மிஞ்சிய நீலத் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. மறுநாள் அதை ரவிக்கைக் கழுத்துக்குள் சொருகிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். பதினோரு மணிக்குள் அவள் சொறிந்த சொறியில் சூப்பரிண்டெண்ட், "ஏனம்மா, அம்மை கிம்மை போட்டிருக்கா?" என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அன்று மாலையே பள்ளிக்குப் போனாள்.

"சார், தினமும் வெள்ளையே போட்டுக்கிட்டு வரட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"திங்கக்கிழமை வெள்ளையா?" என்றார் கரஸ்பாண்டென்ட், மார்கழியில் கல்யாணமா என்கிற குரலில். "இன்னிக்கு ஒரு குழந்தை வெள்ளை. நாளைக்கு ஒரு குழந்தை ரப்பர் செருப்பு. நாளன்னிக்கு?"

"நாளன்னிக்கு என்ன சார்?"

அதுவரைக்கும் அவர் யோசித்திருக்கவில்லை. "நினைச்சாலே பயமா இருக்கு, மேடம்" என்று முடித்தார். "ஜனவரிக்குள்ள எழுபத்தஞ்சு பர்சென்ட் வரணும். இல்லேன்னா ரெஜிஸ்டர்லேர்ந்து பேரை எடுத்துடுவோம். ரூல்ஸ்."

வாரத்தில் ஆறு நாள் பள்ளி. இரண்டு நாள் வந்தால் எத்தனை பர்சென்ட் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். நாற்பத்திரண்டு பெயரில் இரண்டாவதை அடித்துவிட்டால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆண்டு விழா. நம்மூர் வழக்கப்படி பெரிய மனிதருக்குச் சால்வை, சந்தன மாலை, பழக்கூடை, தலைக்கு மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை. இங்கே பெரிய மனிதர் கரஸ்பாண்டென்ட்தான்; தன்னைக் கௌரவிக்கும் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. பேட்டாவை எல்லோரும் பட்டில் வாங்குவார்கள். அவரோ, பள்ளியின் ஒற்றுமையைத் தலையில் சுமப்பதாகச் சொல்லி, மிஞ்சிப்போன நீல டெரிகாட்டில் கட்டச் சொல்லியிருந்தார்.

பேட்டா ஏறியது. கைதட்டினார்கள். பேச்சு தொடங்கியது.

ஐந்தாவது நிமிஷம் கரஸ்பாண்டென்ட் நெற்றியோரம் ஒரு விரலை விட்டார். பத்தாவது நிமிஷம் இரண்டு விரல். 'கல்வி என்பது யாதெனில்' என்ற இடத்தில் பேனாவை மூடியோடு உள்ளே செலுத்தி ஆராய்ந்தார். கல்வி என்பது யாதென்று கடைசிவரை தெரியவில்லை.

முன்வரிசை ஜமக்காளத்தில் வெள்ளை கவுனோடு உட்கார்ந்திருந்த அம்ருதா எழுந்தாள். நேராகப் படியேறினாள். சீதாலட்சுமி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவள் மைக்குக்குக் கீழே நின்று, அவர் தலையையே பார்த்து, அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னாள்:

"அரிக்குது. கழட்டு."

கரஸ்பாண்டென்ட் குனிந்து பார்த்தார். அம்ருதா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, அவர் காரியத்தை இன்னும் முடிக்காததால், மறுபடியும் சொன்னாள்.

"கழட்டு."

அவர் கழற்றினார். நெற்றியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம், திருமண்ணின் இரண்டு பக்கமும். வெறுந்தலையில் காற்றுப் பட்டதும் அந்த முகத்தில் தோன்றிய ஆனந்தத்தைப் போல எந்த நீதிபோதனையிலும் யாரும் கண்டதில்லை.

மேடையேறி வந்த சீதாலட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அதே துணிதான் சார். நீங்க கால் மணி நேரம் போட்டீங்க. அவ ஆறு மணி நேரம் போடணும்."

சீனிவாசராகவன் நெற்றியைத் தடவினார். ஒரு நிமிஷம் அவர் கரஸ்பாண்டென்டாக இல்லை. வெறும் அரிப்பெடுத்த மனிதராக இருந்தார். "நாளையிலேர்ந்து வெள்ளை போட்டுக்கட்டும்மா" என்றார். "தினமும்." அப்புறம் மைக் கண்ணில் பட்டுவிட்டது. "இதனை 'சீனிவாசராகவன் மென்துணித் திட்டம்' என்று பிரகடனம் செய்கிறேன்! இந்தத் தருணத்தில் மேலும் ஓர் அறிவிப்பு..."

அந்த இரண்டாவது அறிவிப்புக்கு அறுநூறு பிள்ளைகளும் கூரை பெயர்கிற மாதிரி கத்தினார்கள். அம்ருதா காதைப் பொத்திக்கொண்டாள். சீதாலட்சுமி அவளை வாரி எடுத்துக்கொண்டு, அறிவிப்பு என்னவென்று காதில் வாங்காமலே, சிரித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

திங்கட்கிழமை காலை. வெள்ளை யூனிஃபார்ம். பை. தண்ணீர் பாட்டில். அம்ருதா கேட்டுக்கு வந்தாள். சீதாலட்சுமி பழக்கத்தில் குனிந்து தூக்கத் தயாரானாள். மகள் உட்காரவில்லை. நிற்கவும் இல்லை. முனிராஜ் எதையோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே போகிறவளின் முதுகைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, கேட்டை முழுக்கத் திறந்து ஒரு சல்யூட் வைத்தான்.

"வாங்க, திங்கக்கிழமை மேடம்!"

அம்மா பின்னாலேயே போனாள். சீக்கிரம் வந்துவிட்டோம்போல என்று நினைத்தாள். அம்ருதா தன் பெஞ்சில் உட்கார்ந்து, பையை நேராக்கி, காலியான மேஜையைப் பார்த்து அட்டெண்டன்ஸைத் தொடங்கினாள். "அபினவ்." ஒரு மூச்சு இடைவெளி. "அம்ருதா."

கையை உயர்த்தினாள்.

"பிரசென்ட், மிஸ்!"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி சீதாலட்சுமி கேட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் நாற்பது பெயரையும் நின்று கேட்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்று பள்ளிக்கு லீவு.