பத்துக்குப் பத்து

"பத்துக்குப் பத்து மேடம்! ராக்கையா தெளிவா இருக்காரு. டிஸ்சார்ஜ் பண்ணிரலாம்."

பயிற்சி டாக்டர் அஜய்குமார் நீட்டிய தாளை டாக்டர் ஷீபா வாங்கினாள். ஆபரேஷனுக்குப் பின் வரும் திடீர் மனக்குழப்பத்தைக் கண்டுபிடிக்கிற கேள்வித்தாள். மூன்று வாரமாகத் தொண்டை வறள வகுப்பு எடுத்திருந்தாள். கத்துகிற நோயாளியை எவனும் கவனிப்பான், பேசாமல் கிடப்பவரைப் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். கூடலூர் விவசாயி ராக்கையா பேசாமல்தான் கிடந்தார். ஊருக்குக் கூட்டிப்போக வெளியே ஜீப் நின்றது.

"ஐயா, இது என்ன இடம்?"

"தேனி ஆஸ்பத்திரி," என்றாள் மனைவி மொக்கம்மாள், பட்டென்று.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன். அவுக நல்லாத்தான் இருக்காக டாக்டரம்மா. இந்தத் தம்பி கேட்டதுக்கும் நாந்தான் எல்லாம் சரியாச் சொன்னேன்!"

ஷீபா மெல்லத் திரும்பினாள். அஜய்குமாரின் காது மடல் சிவந்துபோனது.

"பரீட்சை யாருக்கு வச்ச? இந்தம்மாவுக்கா?"

"அவரு தலையாட்டுனாரு மேடம்..."

மொக்கம்மாளைக் கையமர்த்திவிட்டு ஷீபா குனிந்தாள். "நீங்க சொல்லுங்கய்யா. எங்கன இருக்கோம்?"

ராக்கையாவின் பார்வை மின்விசிறியை விட்டு நகரவில்லை. "வீரபாண்டித் திருவிழா. ராட்டினத்த நிப்பாட்டச் சொல்லுங்க, எறங்கணும்."

மொக்கம்மாள் உடைந்துவிட்டாள். "ரெண்டு நாளா இப்படித்தான். வெள்ளிக்கிழமை மகளுக்குப் பூ வைக்க வாராக. அப்பனுக்குப் புத்தி பெரண்டுருச்சுன்னு தெரிஞ்சா சம்மந்தம் நிக்குமா?"

ரெண்டு நாள்! பல்லைக் கடித்தபடி ஷீபா போர்வையை விலக்கி அடிவயிற்றை அழுத்தினாள். கல்லாக இருந்தது.

"மூத்திரம் போனாரா?"

"பெட் நனைஞ்சிருந்துச்சு மேடம். போறாருன்னு நெனச்சேன்."

"நெறஞ்சு வழியிறதுக்குப் பேரு போறதா?"

குழாய் போட்டதும் பையில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் இறங்கியது.

"இது பைத்தியம் இல்லம்மா. நீர் அடைச்சதுல மூளை கொழம்பியிருக்கு. தெளியணும். இப்ப வீட்டுக்கு அனுப்பினா உசுருக்கே ஆபத்து."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிஞ்சிருவாகளா?"

"சொல்ல முடியாது."

மொக்கம்மாள் போனை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள். "சம்மந்தி, வெள்ளிக்கிழமை வேணாம். அவுக கொஞ்சம் தடுமாறிப் பேசுறாக..."

பேசி முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றாகளாம்," என்றாள், நம்பிக்கையே இல்லாத குரலில்.

ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்த அஜய்குமார் கட்டில் ஓரமாக நெளிந்தான்.

"மேடம்... டிஸ்சார்ஜ் சம்மரி டைப் பண்ணி முடிச்சிட்டேனே?"

"கிழிச்சுப் போடு," என்றாள் ஷீபா. "புதுத் தாள் எடு. அவர்கிட்ட கேளு."