பல் வைத்தியர் வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமைகள்

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அர்ஜுனனை, சயாமில் ரயில்பாதை போடவென்று ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது அவன் மனைவி நல்லம்மாளுக்கு இரண்டு மாதம். அதை அவனிடம் சொல்லக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஈறு வீங்கியது. கரி வைத்துப் பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பயந்துபோய்த் தேய்ப்பதையே விட்டுவிட்டாள். பிறகு கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கியது.

பக்கத்து அறை நூர்ஜான், "மாசமா இருக்கிறப்ப பல்லு புடுங்கக் கூடாதுலா, புள்ளைக்கு ஆகாது," என்றாள். நல்லம்மாள் பொறுத்துக்கொண்டாள். கன்னம் வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த பிறகுதான், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பல் வைத்தியர் தியாகராஜாவின் வீட்டுக்குத் தனியாக நடந்தாள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாயைப் பார்த்துவிட்டு வாசலையும் பார்த்தார்.

"கூட ஆரும் வரேல்லையோ, பிள்ளை?"

"யாரும் இல்லைங்க, ஐயா."

"பழுதான பல்லை வச்சிருந்தாத்தான் கேடு. பிடுங்கினா பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. ஆனா மரத்துப்போற மருந்து என்னட்ட இல்லை. தாங்குவியோ?"

அவள் தலையசைத்தாள். பல் வரும்வரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடவில்லை. வந்த பிறகுதான் அழுதாள், நிறுத்த முடியாமல். மூன்று மாதமாக அவள் அழுததில்லை. அவர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"கரி வேண்டாம்," என்றார் கடைசியில். "மெல்லிய துணியை விரலில சுத்தி, உப்புத் தண்ணியில தோய்ச்சுத் தேய். ரத்தம் வருதெண்டு விட்டா இன்னும் கூடத்தான் வரும். வயித்தில பிள்ளை இருக்கேக்க ஈறு இப்பிடி வீங்கிறது வழமைதான். அடுத்த வெள்ளி வந்து காட்டு."

அடுத்த வெள்ளியும் போனாள், அதற்கடுத்த வெள்ளியும் போனாள். சாப்பிட்டாயா, கீரை கிடைக்கிறதா, தூங்கினாயா என்று அவர் கேட்பார். வாரம் முழுவதும் வேறு யாரும் அவளிடம் அவற்றைக் கேட்டதில்லை.

நான்காம் வெள்ளி அவர் சிரித்தார். "எல்லாம் சுகமாயிட்டுது. இனி வரத் தேவையில்லை."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் நல்லம்மாள் படியிலேயே நின்றாள்.

"மறுபடி ரத்தம் வந்தா வரலாங்களா, ஐயா?"

அவர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"வராட்டிலும் வா, பிள்ளை."

வெட்கத்தில் அவள் போகவில்லை. பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான், அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவர் எழுந்து வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

"என்ன பேர்?"

"இன்னும் வைக்கலைங்க. அவரு வந்துதான் வைக்கணும்."

சயாமுக்குப் போனவர்கள் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்துப்போகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருக்கும். தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, "இரு," என்றார்.