மழை அறையில் போட்ட டிக்

நான் பொருள்களைக் கெடுத்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு புதுச் சாமானும் எங்கள் சோதனைக் கூடத்துக்கு வரும். கீழே போடுவேன், சூட்டில் வைப்பேன், தண்ணீரில் நனைப்பேன். தாங்கினால் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தாங்காவிட்டால் திருப்பி அனுப்புவேன். நான் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். அதனால் அங்கே எனக்கு 'மாமியார்' என்று பட்டப்பெயர். கல்யாணமே ஆகாதவளுக்கு இப்படி ஒரு பெயர்! வெளியில் முறைப்பேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான்.

வெளிப்புற ஸ்மார்ட் பிளக் வந்தது ஆறு மாதத்துக்கு முன். வீட்டின் வெளிச்சுவரில் இருக்கிற சாக்கெட்டில் இதைச் செருகி, இதில் விளக்கையோ மோட்டாரையோ மாட்டிவிட்டால், போனிலிருந்தே போடலாம், அணைக்கலாம், நேரம் குறித்து வைக்கலாம். மழை, வெயில் இரண்டையும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். பெட்டியில் என்னதான் போட மாட்டார்கள்! தாங்குமா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஆள் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் ஆறு முறை போட்டேன், கீறல்தான் விழுந்தது. நாலு நாள் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன், மூடி வளையவில்லை. பத்தாயிரம் தடவை போட்டு அணைத்தேன், அசரவில்லை. இதெல்லாம் சத்தியமாக நானே பக்கத்தில் நின்று பார்த்தது.

பாக்கி இருந்தது மழைச் சோதனை. மழை அறை என்பது குளியலறை அளவுக்கு ஓர் அறை, மேலே ஓட்டை போட்ட குழாய்கள். நடுவில் பிளக்கை வைத்து, அதில் ஒரு குண்டு பல்பை மாட்டி, எட்டு மணி நேரம் தண்ணீரைக் கொட்டவிட வேண்டும். மணிக்கு ஒரு தரம் ரெயின்கோட் போட்டுக்கொண்டு உள்ளே போய், பல்பு எரிகிறதா என்று பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். மொத்தம் எட்டு டிக். அந்த ரெயின்கோட் ஊரெல்லாம் போட்டுக் கழற்றியது, கிட்டே போனாலே நனைந்த நாய் வாடை. இரண்டு தரம் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்தேன். ஆப்பில் பச்சையாக 'ஆன்' என்று இருந்தது. அப்புறம் எதற்கு நனைய வேண்டும்? டிக் போட்டேன். மீதி ஐந்தையும் அப்படியேதான் போட்டேன். சளி பிடித்திருந்தது என்று சொல்லலாம். பிடிக்கவில்லை. சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. மறுநாள் பிளக் நன்றாகக் காய்ந்த பிறகு பல்பைப் போட்டுப் பார்த்தேன், ஜம்மென்று எரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதோடு நின்றேனா? இல்லை. கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒன்றை வாங்கி அண்ணனுக்குக் கொடுத்தேன்.

நான் அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். மூன்று வேளையும் அண்ணி கையால்தான் சாப்பாடு. அண்ணன் தங்கமீன் வளர்த்து விற்கிறவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே ஆறு சிமெண்ட் தொட்டி. ஐந்து தொட்டி விற்பனைக்கு. ஆறாவது அவனுடைய உயிர். நாலு வருஷமாக ஜோடி சேர்த்து, பிடிக்காததைக் கழித்து, உடம்பு தங்கமாகவும் வால் மட்டும் கறுப்பாகவும் ஒரு வகையைக் கொண்டுவந்துகொண்டிருந்தான். நாற்பது மீன் தேறியிருந்தது. தொட்டிக்குக் காற்று விடுகிற பம்ப் நின்றால் மீனுக்கு மூச்சு நின்ற மாதிரிதான். அதனால் அண்ணி தையல் மிஷினை விட்டு எழுந்து, முழங்கால் வலியோடு, காலை, மதியம், மாலை என்று பின்பக்கம் போய்த் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். வெளிச்சுவரில் என் பிளக்கைச் செருகி, பம்பை அதில் மாட்டிக் கொடுத்து, அந்த நடையை நிறுத்தியது நான்தான்.

"இனிமே நீங்க எழுந்து போகவே வேண்டாம் அண்ணி. போன்ல பச்சையா இருக்கான்னு பாருங்க, போதும்."

"நம்பலாமா?"

"நான் சோதிச்சது அண்ணி. என்னையே நம்ப மாட்டீங்களா?"

நம்பினாள்.

போன மாதம் மூன்று நாள் விடாமல் மழை. அண்ணன் தாய்மீன் வாங்க வெளியூர் போயிருந்தான். மழையில் தீனி போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டுப் போயிருந்தான். இரண்டாம் நாள் காலையில் அண்ணிக்கு மனசு கேட்கவில்லை, குடையை எடுத்தாள். "எதுக்கு அண்ணி வழுக்கி விழவா? பச்சைதானே எரியுது, உட்காருங்க" என்று குடையை வாங்கி மூலையில் வைத்தவள் நான். மூன்றாம் நாள் மதியம் மழை விட்டது. அண்ணன் வந்து, பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போனான். அவன் போட்ட சத்தத்தில் நானும் அண்ணியும் ஓடினோம்.

ஆறு தொட்டியிலும் மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஆறாவது தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பம்ப் சத்தமில்லாமல் கிடந்தது.

"எத்தனை நாளா நின்னு கிடக்கு இது?"

"பச்சையாத்தாங்க இருந்துச்சு" என்றாள் அண்ணி. "நூறு தரம் பார்த்திருப்பேன். சத்தியமா பச்சையா இருந்துச்சு."

அண்ணன் பிளக்கைப் பிடுங்கி உதறினான். துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தான். திரும்பச் செருகினால் பம்ப் ஓடுகிறது! போனில் அணைத்தான், அணைந்தது, பச்சையும் போயிற்று. போட்டான், ஓடியது, பச்சையும் வந்தது.

"நல்லாத்தானே இருக்கு? உன் கை பட்டு அணைஞ்சிருக்கு. மூணு நாளா எட்டிக்கூடப் பார்க்கல. அதுக்கு மேல பொய் வேற."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. உன் வேலையே இதுதானே. அது நின்னுபோனாலும் பச்சையாவே காட்டுமா?"

நாற்காலியில் உட்கார்ந்து நான் போட்ட அத்தனை டிக்கும் கண்முன் வந்தன. உள்ளே தண்ணீர் இறங்கி பிளக் செத்துப்போனால், அது கடைசியாகச் சொன்னதையே ஆப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமோ? எனக்குத் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அப்படிக் காட்டாது அண்ணி" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குடை விஷயத்தை அண்ணனிடம் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். வீட்டில் நான்தான் தபால்காரி. "உங்க அண்ணிகிட்ட சொல்லு, எனக்குச் சாப்பாடு வேண்டாம்." "உங்க அண்ணிகிட்ட கேளு, வண்டிச் சாவி எங்கேன்னு." அவள் மூன்றடி தள்ளி நிற்பாள், காதில் விழும், நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். மீன் வாங்க வருகிறவர்களிடமும், "வீட்ல சரியா பார்த்துக்கல" என்று அவள் முன்னாலேயே சொன்னான். அவள் எனக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். அதைத் திறக்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. தின்றது என்னவோ நானும்தான், ஒரு வேளைகூட விடவில்லை.

பதினோராம் நாள் சோதனைக் கூடத்து அதிகாரியிடம் போய் நின்றேன்.

"அந்த வெளிப்புற பிளக்கை மறுபடி மழையில வைக்கணும் சார்."

"தேறின சாமானை எதுக்கும்மா மறுபடி?"

"நான் சரியா பார்க்கல சார்."

"மாமியாரா பார்க்கல?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் மழை அறைச் சாவியைத் தந்தார்.

இந்தத் தடவை ஒவ்வொரு மணிக்கும் உள்ளே போனேன். மூன்று மணி வரை பல்பு எரிந்தது. நாலாவது மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. பல்பு அணைந்து கிடந்தது. கையிலிருந்த போனில் பச்சையாக 'ஆன்'. அண்ணி நூறு தரம் பார்த்தது இதைத்தான். அந்தத் தண்ணீரிலேயே நின்று அழுதேன்.

'தேறவில்லை' என்று எழுதினேன். முந்தைய சோதனையில் மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை உள்ளே போய்ப் பார்க்காமலே டிக் போட்டேன் என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன். அதிகாரி படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இந்த வரி எதுக்கும்மா? மறுசோதனையில தெரிஞ்சதுன்னு போட்டா போதுமே. உன் வேலைக்கே உலை வெச்சுக்காதே."

"இருக்கட்டும் சார்."

கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி அவர் போன் போட ஆரம்பித்தார். வேலை போகுமோ என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குப் போவது அதைவிடப் பெரிய மலையாக இருந்தது.

சாயங்காலம் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பார்க்காமல் போட்ட டிக், குடையைப் பிடுங்கி வைத்தது, தொட்டிக்கரையில் சொன்ன பொய், இன்று அணைந்து கிடந்த பல்பு. "அண்ணி சொன்னது அத்தனையும் நிஜம்" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்தான்.

"சரி விடு பாப்பா. வேணும்னா செஞ்சே? மீன் போனது போச்சு. அழாதே. போய் முகம் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மிஷின் சத்தம் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. அத்தனை நாளில் அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"என்ன அவ்வளவுதானா?"

"நான் செய்யாத தப்புக்குப் பதினோரு நாள் என் மூஞ்சியைப் பார்க்கல நீங்க. அவ செஞ்ச தப்புக்கு, முகம் கழுவிட்டு வா, சாப்பிடலாமா?"

அவள் என்னிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னிக்கே நீ சொல்லியிருந்தாலும் இவர் இதையேதான் சொல்லியிருப்பார். உன்னை ஒரு வார்த்தை கடிஞ்சிருக்க மாட்டார். இது உனக்குத் தெரியாதா?"

தெரியும். தொட்டிக்கரையில் நின்றபோதே தெரியும். அண்ணன் திட்டுவான் என்று பயந்து நான் பொய் சொல்லவில்லை. என் கையெழுத்து தப்பு என்று யார் வாயிலும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக அவளைப் பொய்க்காரியாக நிற்க வைத்தேன்.

"தெரியும் அண்ணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மறுபடி துணியை இழுத்து வைத்தாள்.

"இன்னிக்குச் சாப்பாட்டை நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குங்க."

அண்ணனும் நானும் சமையலறைக்குப் போனோம். அவன் ஒரு டப்பாவைத் திறந்தான், மூடினான். நான் இன்னொன்றைத் திறந்தேன். அரிசி எதில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளைக் கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.