செவந்தியின் ஜெபம் நின்ற இடம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. எங்கள் பங்குக் கோயில் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். கடவுளை ஏன் ஆணாகவே சொல்லிவருகிறோம் என்று இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைக்குள். சரி என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிவிட்டு அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு உட்காருவேன்.

காரணங்களை எழுத ஆரம்பித்தேன். இயேசுவே கடவுளைத் தகப்பன் என்றுதான் கூப்பிட்டார், அதனால் நாமும். வேதம் எழுதப்பட்ட காலத்தில் வீட்டையும் நாட்டையும் ஆண்டது ஆண்கள், ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறவருக்கும் [தாடி, மீசை. இதை அடித்துவிட வேண்டும், சாமியார் கோபித்துக்கொள்வார்]. உண்மையில் கடவுளுக்கு உடம்பே கிடையாது, அவர் ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று படித்தவர்கள் ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளையை மறக்காத தாயாகவும் வேதத்தில் அவர் பேசுகிறார். தகப்பன் என்பது நம் புத்திக்கு எட்டுவதற்காக வைத்த பெயர். ஏனென்றால் தகப்பன் என்றால் எல்லோருக்கும் புரி

பேனா அங்கே நின்றுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குக் கண் செருகும். செருகிய கண்ணுக்குள் கடலைக் காடு தெரிந்தது. இளவெயில், ஈர மண். வரப்பில் ஒரு பெண் நின்றுகொண்டு, நான் எழுதியதை எட்டிப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

“எல்லாருக்குமா?”

2

அவள் பெயர் செவந்தி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், குளத்தூருக்குத் தெற்கே’. சர்க்கார் கடுதாசி மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

இரண்டாவது: ‘செவந்தி நல்ல களையான’. அவள் களையைப் பற்றி எனக்கு என்ன வந்தது? வேண்டாம்.

மூன்றாவது: விடிகிற நேரத்தில் செவந்தி தகப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷன் அடித்த அடியில் இடது காது கேட்கவில்லை. எட்டு மைல் நடந்து வந்திருந்தாள். தகப்பன் ஆண்டிச்சாமி கதவைத் திறந்தார், மகளைப் பார்த்தார். “கட்டிக்குடுத்தாச்சு. செத்தாலும் அங்கிட்டே சாவு” என்றார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே ஆத்தாவின் வளையல் ஒரு தடவை குலுங்கியது. அப்புறம் அதுவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதற்காகப் பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன், சொல்கிறேன்.

(ஓரத்தில் ஒரு குறிப்பு. சாமியை அம்மாள் என்று கும்பிடுகிற ஊரில் பெண்களுக்கு விடிந்துவிடும் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். புதுக்கோட்டை ராஜாக்கள் பிரகதாம்பாள் தாஸ், அதாவது அம்மாளின் அடிமை, என்று பட்டம் வைத்துக்கொண்டவர்கள். காசிலும் அம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள். செவந்தி முந்தானையில்கூட அப்படி ஒரு அம்மன் காசு முடிந்திருந்தது. அந்தச் சீமையில்தான் அவள் ஆத்தா கதவுக்குள்ளே வாய் திறக்காமல் நின்றாள்.)

3

அடுத்த ஊரில் கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெரு. அங்கே ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரின் பெண்சாதி அடைக்கலமேரி, மறுநாள் விடியலில் சாணி தெளிக்கக் கதவைத் திறந்தவள், வாசலில் கிடந்த செவந்தியைப் பார்த்தாள். கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்க் கஞ்சி கொடுத்தாள். செவந்தியைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நன்றாகச் சண்டை போடுவாள், அதைவிட நன்றாகச் சிரிப்பாள்.

எட்டு மாசம் ஓடியது. செவந்தி கோயில் கூட்டினாள், கடலை பறித்தாள், சாயங்கால ஜெபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அங்கே யாரும் யாரையும் விரட்டாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு தகப்பனிடமிருந்து சேதி வந்தது. புருஷன் வீட்டில் சமாதானம் பேசியாகிவிட்டது, கூட்டிக்கொண்டுபோய் விட வண்டி கட்டி வருகிறார் என்று. ஆனால் ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் வாசல்படி ஏற்றமாட்டோம் என்று புருஷன் வீட்டார் ஒரு மிரட்டலும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். செவந்தி காதில் அது வரமாக விழுந்தது. வண்டி வருகிற நாள் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை; அன்று காலையில்தான் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அன்றைக்கு அவள் தலையில் தண்ணீர் விழுந்துவிட்டால், அந்த வீட்டுக்கு அவளை யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது.

பயத்தில் சாமி கும்பிட வந்தவளா என்று கேட்கிறீர்கள். பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது. தனித்தனியாக அளந்து காட்ட எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு சங்கடம். ஞானஸ்நானம் வாங்குகிறவர்கள் சாமியார் முன்னால் தனியாக நின்று, இயேசு கற்பித்த ஜெபமான பரமண்டல மந்திரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு அடுத்த வருஷம்தான்.

4

செவந்தி மற்ற ஜெபமெல்லாம் மடமடவென்று சொல்வாள். இதில் மட்டும், “பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள்” என்று வருவாள். நிற்பாள். அடுத்த வார்த்தை பிதாவே. வராது.

அடைக்கலமேரிக்குப் புரியவில்லை. அவளுடைய அப்பா வாய்க்காலில் வெள்ளம் வந்தபோது அவளைத் தோளில் உட்காரவைத்துக் கடந்தவர். அந்த வார்த்தை அவள் வாயில் வெல்லம். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில், மனசில் ஒன்றும் நினைக்காமல் சும்மா வாயால் சொல்லிவிடு என்றாள்.

“வாயால சொல்லிப்புடுவேன்க்கா. கூப்பிட்ட சத்தம் கேட்டு எங்கப்பனே வந்துட்டா?”

அன்றைக்குச் சாயங்காலம் ஜெபத்தில் அடைக்கலமேரிக்கே அந்த இடத்தில் நாக்குத் தடுக்கியது.

5

முடிவுகளுக்கு வருவோம்.

முடிவு ஒன்று. செவந்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். தண்ணீர் விழுகிறது. ஆண்டிச்சாமி வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார். எழுதி முடித்தேன். நானே அவள் பிடரியைப் பிடித்துத் தள்ளியது மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு. பிதாவே என்கிற இடத்தில் ஆத்தா என்கிறாள். சாமியார் கண் கலங்கி ஏற்றுக்கொள்கிறார். இதில் ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன். கட்டுரைக்கும் பொருத்தம், மலருக்கும் அழகு. மறுநாள் மத்தியானம் கண் செருகியபோது செவந்தி வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம், கால் சேற்றோடு.

“எங்காத்தாளுந்தான் கதவத் தொறக்கல” என்றாள்.

நான் தாளைப் புரட்டினேன். அவள் போகவில்லை.

“ஒண்ணு கேக்கவா? அன்னைக்கிக் கதவச் சாத்துனது எங்கப்பனா, நீங்களா?”

மூன்றாவது முயற்சியில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது இந்தக் கைதான். நன்றாக வந்திருக்கிறது என்று தட்டிக்கொடுத்ததும் இதே கைதான். கட்டுரைக்கு நான் தேடிக்கொண்டிருந்த காரணம் அப்போதுதான் பிடிபட்டது. கடவுள் யார் என்று எழுதி வைத்தவர்கள் அநேகமாக என்னைப்போல் ஆண்கள். பேனா எந்தக் கையில் இருந்ததோ அந்தக் கையில்தான் வீட்டுத் தாழ்ப்பாளும் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தே கடவுளின் கையையும் வரைந்தார்கள். அவர்களில் நல்ல தகப்பன்களும் இருந்திருப்பார்கள், அடைக்கலமேரியின் அப்பாவைப்போல. அவர்கள் வரைந்ததில் பாதி தப்பு இல்லை. மீதிப் பாதி தாழ்ப்பாள் போட்ட கை என்பதை நான்தான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகள் எதைக் கேட்பதானாலும், நீ சொல்லும்மா அப்பாகிட்ட என்று அவள் அம்மாவைத்தான் அனுப்புவாள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

6

வெள்ளிக்கிழமை போய்விட்டது. கட்டுரை கொடுக்கவில்லை. செவந்தியின் பெரிய சனிக்கிழமை காலை இருக்கிறது, அதைத்தான் உங்களிடம் கொடுக்கிறேன்.

கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் மாட்டு வண்டி. ஆண்டிச்சாமி நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆத்தாவின் பழைய சேலையை மடித்துப் போட்டிருக்கிறார், மகளுக்குக் குலுங்காமல் இருக்க. இதை நான் எழுதவில்லை. அவராகச் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

உள்ளே மெழுகுத்திரி வாசனை. ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. நாலு பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். இப்போது செவந்தி. சாமியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கோயில் கதவோரம் அடைக்கலமேரி ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். எட்டு மாசத்துக்கு முன்னால் தன் வீட்டுக் கதவைத் திறந்த அதே கை. செவந்தி திரும்பி அந்தக் கையைப் பார்க்கிறாள், ரொம்ப நேரம். அவள் முகத்தில் என்னவோ மாறுகிறது. என்ன என்று எனக்குத் தெரியும்போல இருக்கிறது. எழுதமாட்டேன். இனி அவளுக்கு வார்த்தை எடுத்துக்கொடுக்கிற வேலை என்னுடையதில்லை.

நீங்களும் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால் வலது பக்கமாக வந்து சொல்லுங்கள், இடது காது அவளுக்குக் கேட்காது. ஆனால் முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள். நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவள் முன்னால் ஓர் அடி எடுத்து வைக்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

“பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள்