ஈரக்கழிவு போக ஒரு படம்

உப்பை எடைபோடும்போது ஈரத்துக்கென்று ஒரு கழிவு உண்டு. மூட்டையில் கனப்பதெல்லாம் உப்பு அல்ல, தண்ணீரும் சேர்ந்துதான் கனக்கிறது என்பது வாங்குகிறவன் கட்சி. தட்சணாமூர்த்தி மரக்காணத்தில் உப்புத் தரகராக இருந்த காலமெல்லாம் அந்தக் கழிவை எதிர்த்துத் தொண்டை கிழிய வாதாடினார். தரகை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு, ஊர் அதே கழிவை அவர் பேச்சுக்குப் போட ஆரம்பித்தது. அவர் யானை என்றால் ஊர் எருமை என்று வைத்துக்கொள்ளும். எருமை என்றால் ஆடு.

சென்னையில் இருக்கும் மகன் அரவிந்தன் சுவரையே மறைக்கும் ஒரு டிவியை மாட்டி, மாதச் சந்தாவில் உலகத்துப் படமெல்லாம் பார்க்க வழி செய்துகொடுத்துவிட்டுப் போனான். கிழவருக்குப் புதுத் தரகு கிடைத்துவிட்டது. ஊரே பார்க்கிற படம் அவருக்கு ஆகாது. வாயில் நுழையாத பெயர்க்காரன் எடுத்து, அவனைப் பெற்றவளே பாதியில் தூங்கிப்போன படமாகத் தேடிப் பிடிப்பார். ஐப்பசி மழையில் பாத்திகள் முழுகி, உப்புக் குவியல்கள் தார்ப்பாய்க்குள் முடங்கிய பிறகு, வேலையற்ற தெருவுக்கு அவர் வீட்டுக் கூடம்தான் கொட்டகை.

"இதுல ஒரு நாய் நடிச்சிருக்குதுப்பா. அது சாவுற சீனைப் பாத்துட்டு அந்த நாட்டுல பாதிப் பேரு சோறே துன்னல."

"பாதின்னா கால்னு வச்சிக்குவோம்," என்பான் குத்தகைக்கு உப்பளம் எடுத்திருக்கும் ஜெயசீலன். "கால் நாடு துன்னல. சரி, போடுங்கண்ணா."

போடுவார். எழுத்து கீழே தமிழில் ஓடும். ஓடி முடிவதற்குள் இவர் முந்திக்கொண்டு, இல்லாத வசனத்தையும் சேர்த்துச் சொல்வார். ஆனாலும் கழிவு போக மிஞ்சிய படம் நன்றாகவே இருக்கும். அதனால்தான் மறுநாளும் கூடம் நிரம்பியது.

வராத ஒரே ஆள் அவர் மனைவி பாக்கியலட்சுமி. மற்றவர்கள் பாதியைக் கழித்தால் அவள் முழுசையும் கழித்துவிடுவாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "இந்தக் கடல்ல பாதி எங்க பாட்டன் சர்க்காருக்கு விட்டுக்குடுத்தது" என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போன மனுஷர் இவர். வந்து பார்த்தால் சொந்தமாக ஒரு வரப்புகூட இல்லை. அன்றிலிருந்து அவர் மழை பெய்கிறது என்றால்கூட அவள் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம், தனியாக ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தட்சணாமூர்த்தி அழுதார். நிஜமாகவே அழுதார். துண்டைப் பிழிந்தால் ஒரு பாத்தி உப்பு விளைந்திருக்கும். ஏதோ ஒரு மலைநாட்டுப் படம். இதைப் பாக்கியம் பார்க்க வேண்டும், தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு வரி வந்தது. படம் ஞாயிற்றுக்கிழமையோடு டிவியிலிருந்து நீக்கப்படுகிறதாம்.

இந்த ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். ஞாயிறு சாயங்காலம் தெரு வந்து உட்கார்ந்ததும், அடுப்படிக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமினார்.

"ஒரு புருஷன், பொண்டாட்டி. ஒரு கழுதையைச் சந்தைக்கு விக்கப் போறாங்க. நல்லா இருக்குது."

கூடம் காத்திருந்தது. பாத்தி வேலைக்குப் போகும் கொளஞ்சியம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"கழுதை இன்னா, பறக்குமா?"

"நடக்கும்."

ஜெயசீலன் எழுந்து வேட்டியை உதறினான். "அண்ணாவே 'நல்லா இருக்குது'ன்னு நிறுத்திட்டாரு. இதுல ஈரம் போனா இன்னாய்யா மிஞ்சும்? கோணிதான். வாங்க, அடுத்த தெருவுல புதுப்படம் போட்டிருக்கான்."

"டேய் ஜெயசீலா, நெசமாத்தான் சொல்றேன்."

"நெசமாத்தான்னு வேற சொல்றாருப்பா," என்று கவலைப்பட்டு எல்லாரும் இன்னும் வேகமாகப் போனார்கள்.

அடுப்படியிலிருந்து அசைவில்லை. "பாக்கியம், நீயாவது வாயேன்," என்றார்.

"எனக்குக் கீரை ஆயணும்."

அவர் தனியாகவே படத்தைப் போட்டார். கோபம்கூட வரவில்லை. திரையில் கழுதை நடந்தது, இவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பாக்கியலட்சுமி முறத்தோடு ஓடிவந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"உடம்புக்கு இன்னா?"

"ஒன்னுமில்லியே."

"அப்ப ஏன் சத்தத்தையே காணோம்?"

"படம் பாக்குறேன்."

இதை அவளால் நம்ப முடியவில்லை. முறத்தோடு நின்று திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு கிழவி, கழுதையின் காதில், "அந்தாளை ஓரமா நடக்கச் சொல்லு" என்றாள். கிழவன் அதே கழுதையிடம், "அவளுக்குத் தெரிஞ்ச லட்சணத்தைப் பாரு" என்றான்.

"இதுங்க ஏன் ஒன்னோட ஒன்னு பேசாம கழுதைகிட்ட பேசுதுங்க?"

தட்சணாமூர்த்தியின் வாய்க்குள் ஒரு கொலை, ஒரு மோகினி, மூன்று தலைமுறைச் சாபம் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. அத்தனையையும் விழுங்கினார்.

"தெரியல. நீயே பாரு."

அவருக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிய செய்தியாக இருந்தது அவளுக்கு. உட்கார்ந்தாள். சந்தையில் கழுதை விலைபோனது. திரும்பும் வழியில் நடுவில் ஆள் இல்லாமல் இருவரும் நடந்தார்கள். மலைப்பாதை நீண்டுகொண்டே போனது. கடைசியில் கிழவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "செருப்பு கடிக்குதா?" என்றான். கிழவி, "ம்" என்றாள். படம் முடிந்தது.

கீரை அப்படியே கிடந்தது. பாக்கியலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல," என்றாள். மகன் பிறந்தபோது குழந்தையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னவள், அதற்கப்புறம் இன்றைக்குத்தான் அதை வெளியே எடுத்தாள்.

காலையில் குழாயடியில், "நேத்து ஒரு படம் பாத்தேன், பரவால்ல," என்று கொளஞ்சியம்மாளிடம் சொன்னாள். அவள் சொல்லுக்கு ஊரில் யாரும் கழிவு போடுவதில்லை. குடம் நிரம்புவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, கூடத்தில் மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. ஜெயசீலன் ரிமோட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினான். படம் போயே போய்விட்டது.

"சரி, கதையையாவது சொல்லுங்கண்ணா," என்றான் இறங்கிவந்து.

தட்சணாமூர்த்தி சப்பணமிட்டு உட்கார்ந்தார். இனி யாரும் போட்டுப் பார்க்க முடியாது என்பது நெஞ்சில் தேனாக இறங்கியது.

"ஒரு கழுதைன்னா சொன்னேன்? பதினோரு கழுதைப்பா. மலை சரியுது, பத்து கழுதை பள்ளத்துல. மிச்சமிருந்த ஒன்னு புருஷனையும் பொண்டாட்டியையும் நடு ரோட்டுல நிறுத்தி, வாயைத் தொறந்து பேசிச்சு பாரு, அடடா."

"இருங்க," என்று கையைக் காட்டி நிறுத்தினான் ஜெயசீலன். அடுப்படிப் பக்கம் திரும்பி, "அண்ணி, நீங்க பாத்தீங்க இல்ல, நீங்க சொல்லுங்க. கழுதை பேசிச்சா?"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. பாக்கியலட்சுமி டீ டம்ளர்களோடு வந்து வாசற்படியில் நின்றாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள்.

"பேசிச்சு," என்றாள். தட்டைக் கொளஞ்சியம்மாளிடம் நீட்டிக்கொண்டே, "பள்ளத்துல விழுந்ததுல ஒன்னு ஏறி வந்து பாட்டுகூட பாடிச்சு," என்றாள்.

எந்தக் கழுதை என்று கேட்க வாயெடுத்த தட்சணாமூர்த்தி சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"அதைத்தான் சொல்ல வர்றேன்," என்று சொல்லி, தன் பக்கத்தில் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.