முதல் தேதி ரசீதுகள்

தெருவில் அவருக்குப் பெயர் 'மடிப்பு'. டிரைகிளீனிங் கடை வைத்திருந்த இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவருடைய சட்டை மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. கடை கைவிட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் மேற்பார்வையாளர். அங்கே மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளில் யாரும் மடிப்பைத் தேடுவதில்லை. ஆனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் நீல நிற ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியோடு பாங்குக்குக் கிளம்பினார். அவர்கள் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் மாடி வீட்டை வீட்டுக்காரர் விற்கப் போகிறார். பழகின தோஷத்துக்காக இந்த மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். கால் பங்குப் பணம் இவர்கள் கையில் இருந்தது. மீதிக்கு பாங்கு கடன் கொடுத்தால் வீடு இவர்களுக்கு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெறும் வீடென்றால் மனசு இப்படி அடித்துக்கொள்ளாது. கீழே கடை, மேலே வீடு என்று வாழ்ந்த காலம் அது. நீராவிப் பெட்டி ஓட ஆரம்பித்தால் மாடித் தரை வெதுவெதுப்பாகிவிடும். குளிர் நாட்களில் மனைவி செருப்பில்லாமல் நடப்பாள், சொர்க்கம் காலடியிலேயே இருக்கிறது என்பாள். நனைந்த கம்பளித் துணியின் வாசனை படியேறி வந்து தலையணை வரைக்கும் படுத்துக்கொள்ளும். மத்தியானத்தில் அவள் கீழே வந்து, அழியாத மையில் துணிகளின் உள்பட்டையில் எண் எழுதுவாள். அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதைப் பார்க்கவே இவர் வேலையை நிறுத்திவிட்டு நின்ற நாட்கள் உண்டு.

எத்தனை பேர் துணியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்! ஒருத்தர் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுவிட்டு வேலை விஷயமாக எங்கோ போய், மூன்று வருஷம் கழித்து வந்து நின்றார். சீட்டும் தொலைந்துவிட்டது என்றார். மனைவி உள்ளே போய் இரண்டே நிமிஷத்தில் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த மனுஷன் அசந்துபோனார். ஊரே நம்பின கை இது.

பிறகுதான் சனி பிடித்தது. ஒரு பெரிய ஹோட்டலின் மொத்தத் துணியும் கிடைக்கிறதே என்று கடன் வாங்கி ராட்சச மெஷின் ஒன்றை இறக்கினார். பற்றாததற்கு இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் தேய்த்தார். ஹோட்டல்காரன் நாலு மாத பில்லை வைத்துவிட்டு ஒரே ராத்திரியில் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். தவணை நின்றது. போன் மேல் போன். கடைசியில் பாங்கு, பாதியாவது கட்டுங்கள், செட்டில்மெண்ட் செய்துகொள்ளலாம் என்றது. கடையை விற்றுக் கட்டினார். அத்தோடு தலைமுழுகினோம் என்று நினைத்தார். பாக்கியை பாங்கு விட்டுக்கொடுத்த கதை தன் பெயரில் ஏறிக் குந்திக்கொள்ளும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு இரண்டு கார்டுகளையும் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துத் துணிக் கத்தரியால் துண்டு துண்டாக்கினார். இந்த வீட்டில் இனி ஒருத்தரும் சல்லிக்காசு கடன் வாங்கக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் கேட்டார். சூடு கண்ட பூனை வேறென்ன செய்யும்? அவளும் சரி என்று தலையாட்டினாள். அடுத்த மாதமே ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டாள்.

கடை இருந்த இடத்தில் போன் கடை வந்தது. போன் கடைக்காரர் நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். ப்ரீபெய்ட் கார்டு ஒன்று இருக்கிறது, பணத்தை முன்னாலேயே போட்டுவைத்துச் செலவு செய்யலாம், ஒழுங்காக வைத்துக்கொண்டால் கெட்ட பெயரெல்லாம் தானாக நல்ல பெயராகிவிடும் என்றார். தன் பெயர் அச்சடித்த கார்டைக் கையில் வாங்கியபோது மடிப்புக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் கீழே இறங்குவார். நீராவிப் பெட்டி நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி மேஜை. அங்கே நின்று பணம் போட்டு ரசீது வாங்குவார். மளிகை, பஸ், மாத்திரை எல்லாவற்றுக்கும் அந்தக் கார்டுதான். கடன்காரனாக இருந்தவன் எப்படித் திருந்தியிருக்கிறேன் பார் என்று எங்கோ ஒரு பெரிய நோட்டில் யாரோ எழுதிக்கொண்டே வருவதாக அவருக்கு நினைப்பு. அந்த முப்பத்தொரு மாத ரசீதுகள்தான் நீல ஃபைலில் இருந்தன.

பாங்கில் கடன் பிரிவு அதிகாரி மகள் வயதுப் பெண். அவளுடைய கோட்டில் இடது கைப் பக்கம் இரட்டை மடிப்பு விழுந்திருந்ததை மடிப்பு உட்காருவதற்குள்ளேயே கவனித்துவிட்டார். ஆனால் அந்தப் பெண் முப்பத்தொரு ரசீதுகளையும் ஒன்று விடாமல் புரட்டினாள். அதற்காகவே இரட்டை மடிப்பை அவர் மன்னித்தார். பிறகு அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"சார், இதுல எதுவுமே இங்க பதிவாகலை."

கார்டு கம்பெனி அனுப்ப மறந்திருக்கும், கேட்டு வாங்கலாமே என்றார் இவர். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மறக்கலை சார். இது உங்க பணம். நீங்களே போட்டீங்க, நீங்களே எடுத்தீங்க. யாரும் உங்களை நம்பி ஒண்ணும் குடுக்கலை. நம்பிக் குடுத்தாத்தானே, திருப்பிக் கட்டினாருன்னு எழுத முடியும்?"

டெபாசிட் ஒன்று போட்டு, அதன் பேரில் பாங்கு கொடுக்கிற கிரெடிட் கார்டு வாங்கி, மாதாமாதம் கட்டிவந்திருந்தால் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர் என்பதற்கான மார்க், ஏறியிருக்கும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். பெயரைப் பார்த்தால் இரண்டும் கார்டுதான். ஒன்றில் அவர்கள் கடன் தருகிறார்கள், இன்னொன்றில் இல்லை, அவ்வளவுதான் என்றாள். மடிப்புக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை. இரண்டரை வருஷமும் குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டியிருக்கிறோம். எழுதிக்கொண்டிருந்ததாக நினைத்த நோட்டே இல்லை. வீடு போயிற்று. மாடித் தரையில் மனைவி வெறுங்காலோடு நடந்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு அடையாள அட்டையை மேஜை மேல் வைத்தாள்.

"என் பேர்ல கொஞ்சம் பாருங்கம்மா."

அதிகாரி தட்டினாள். பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஸ்கோர் பிரமாதமாக இருக்கிறது, ஒரு தவணைகூடத் தவறவில்லை என்றாள். பள்ளிக்கூடச் சம்பளத்துக்குப் பத்து வருஷக் கடன் தாராளமாகக் கிடைக்கும் என்றாள். டெபாசிட்டின் பேரில் வாங்கிய கிரெடிட் கார்டு ஒன்று மனைவியிடம் இருந்திருக்கிறது. மாதம் ஒரு கரண்ட் பில், அதை உடனே கட்டுவது. வேறு எதற்கும் அவள் அதைத் தொட்டதில்லை.

மடிப்புக்கு முதலில் வந்தது கோபம்தான். வீடு தப்பித்தது என்ற சந்தோஷத்தை முந்திக்கொண்டு அது வந்தது. சத்தியம் செய்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கடன் கார்டா? தானே இப்போது கடன் கேட்டு வந்து உட்கார்ந்திருப்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"எப்போ வாங்கின?" என்றார்.

"நீங்க அந்தக் கார்டு வாங்கின மறு வாரம். எனக்குச் சந்தேகமா இருந்தது, பாங்குல போய்க் கேட்டேன். அது பிரயோஜனமில்லைன்னு அப்பவே சொல்லிட்டாங்க."

"அப்பவே தெரியுமா? அப்போ ஏன் என்கிட்ட சொல்லலை?"

அதிகாரி திடீரென்று தன் பேனாவைத் தேட ஆரம்பித்தாள். பேனா அவள் கையில்தான் இருந்தது.

"சொல்லணும்னுதாங்க இருந்தேன்," என்றாள் மனைவி. "முதல் தேதி கீழ போய்ப் பணம் போட்டுட்டு, சீட்டியடிச்சிக்கிட்டு மேல ஏறி வருவீங்க. கடை இருந்தப்போ அப்படி வருவீங்க. அதுக்கப்புறம் இந்தக் கார்டு வர்ற வரைக்கும் நீங்க சீட்டியடிச்சு நான் கேக்கவே இல்லை. அந்த முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வாய் வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு."

முப்பத்தொரு மாதமும் தன் சீட்டிச் சத்தத்தை ஒருத்தி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் எப்போது வடிந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இவளை நாம்தான் காப்பாற்றி வருவதாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது.

அதிகாரி படிவங்களை எடுத்து வைத்தாள். மேடம் பெயரில் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது என்றாள். சார் பெயரையும் கூட்டாகச் சேர்த்தால் கடன் கிடைக்கும், ஆனால் அவருடைய ஸ்கோருக்காக வட்டி கால் சதவீதம் கூடும்.

மடிப்பு உடனே எழுந்துகொண்டார். வீடு அவள் பெயரிலேயே இருக்கட்டும், தான் வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் சட்டையில் மடிப்புக் கலைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு பேர் பேர்லயும் போடுங்கம்மா," என்றாள் அதிகாரியிடம். "நாங்க மாசாமாசம் கட்டினா, இவர் கட்டினாருன்னும் எழுதுவீங்கதானே?"

"எழுதுவோம் மேடம். ரெண்டு பேர் பேர்லயும் ஏறும்."

"அப்போ அந்தக் கால் சதவீதம் போகட்டும். இவரைப் பத்தி எழுத ஆள் வேணும்ல."

அதிகாரி படிவத்தைத் திருப்பி வைத்தாள். மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினாள். மடிப்பு கண்ணாடியைக் கழற்றி, தூசி விழுந்ததுபோல் வெகுநேரம் துடைத்தார். அவர் துடைத்து முடிக்கிறவரை இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். பிறகு அவர் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதினார்.